தொட்டிக்குள் ஒரு பவளப்பாறை

பவளத் தொட்டியில் முதலில் குடியேற வேண்டியது மீனோ பவளமோ அல்ல, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இந்தச் சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டு விடும் மீன்கள்தான் பெரும்பாலும் செத்து மிதக்கின்றன.

இந்த பாக்டீரியாவுக்கு வீடு, துளைகள் நிறைந்த கல். கடலில் நுண்ணுயிர்கள் குடியேறிய பவளக் கல்லான உயிர்ப்பாறையைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழியை மட்டும் ஓடவிட்டாலே நீர் தூய்மையாக இருக்கும் என்று இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961இல் எழுதினார். இந்தியாவில் அந்த வழி செல்லாது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வருவதும் குற்றம்; அழிந்துவரும் பாறைக்குச் செய்யும் கேடும்கூட. சுட்ட மண்ணாலான செயற்கைக் கல்லே போதும். பாக்டீரியா படியச் சற்று அதிக நாளாகும், அவ்வளவுதான்.

குழாய்த் தண்ணீர் கூடாது. ஆர்.ஓ. முறையில் வடித்த நீரில் கடல் உப்புக் கலவையை, லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும்படி கரைக்க வேண்டும். சமையல் உப்பில் பவளம் எலும்புக்கூடு கட்டத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் போதாது. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே அன்றாடம் குறையும் அளவுக்கு உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் செறிவு நாளுக்கு நாள் ஏறும்.

பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு அதற்கு உணவூட்டுகிறது. நீல ஒளி மிகுந்த விளக்கு இதற்காகத்தான். வெப்பம் 25 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். கூடினால் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். சென்னைக் கோடையில் அறையே 30 டிகிரியைத் தாண்டுவதால் நீரைக் குளிர்விக்கும் கருவி அவசியம்.

மூன்றாம் வாரவாக்கில் மணல்மீது பழுப்புத் தூள் போலப் படர்வது டயாட்டம் பாசி, தானே மறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு, பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடியை விடலாம். தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகள் உலர் இரையைத் தயங்காமல் தின்னும்.