அடையாற்றுக் கர்னல்

அமெரிக்கா தேசத்தில் வக்கீல் தொழில் நடத்தி, யுத்த இலாகாவில் கர்னல் பட்டமும் பெற்ற ஒருவர், சென்னைச் சேரிக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் வைத்தார் என்றால் நம்புவது சற்றுக் கடினந்தான். அவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். பிரம்மஞான சபையை ஸ்தாபித்தவர் என்றே நம்மவர் அவரை அறிவர். அதற்கு முந்திய அவருடைய வாழ்வை அறிந்தவர் சிலரே.

1832-ஆம் வருஷம் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் பிறந்த ஆல்காட், முதலில் விவசாய சாஸ்திரத்தில் ஈடுபட்டார். சோளத்தட்டு என்றால் கொங்கு நாட்டாருக்கு மாட்டுத் தீனிதான். இவரோ சர்க்கரைச் சோளத்தைப் பற்றி 1857-இல் ஒரு புஸ்தகமே எழுதிவிட்டார்! அமராவதிப் பாசனத்தில் கரும்பு பயிரிடும் எங்கள் மடத்துக்குளத்து விவசாயிகள் கேட்டால் புன்னகை செய்யக்கூடும்.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வடவர் சேனையில் சேர்ந்த அவருக்கு விரைவில் வேறு வேலை கிடைத்தது. படைக்குச் சாமான் கொடுப்பதிலும் ஆள் சேர்ப்பதிலும் பொய்க் கணக்கு எழுதிக் கொள்ளையடித்தவர்களைக் கண்டுபிடிப்பதே அது. எதிரியின் குண்டைவிட இது அபாயமான போர் என்று எனக்குத் தோன்றுகிறது. வெல்பவனுக்கு நண்பர்கள் மிஞ்சுவதில்லை. 1865 ஏப்ரலில் லிங்கன் கொலையுண்டபோது, அதைத் துப்பு விசாரிக்க நியமிக்கப்பெற்ற மூவரில் ஆல்காட்டும் ஒருவர். பின்னர் சட்டம் பயின்று, 1868 முதல் நியூயார்க்கில் வக்கீலாக விளங்கினார்.

ஆவிகளைக் காணச் சென்ற இடத்தில் 1874-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்ததும், மறு வருஷம் சபை பிறந்ததும் பலர் அறிந்த கதை. ஆவி விவகாரத்தில் எனக்கு ருசியில்லை. 1879-இல் பம்பாயில் வந்திறங்கிய அவர், அவ்வருஷமே அங்கே சுதேசிக் கைத்தொழிற் பொருட்காட்சி நடத்தினார் என்பதே எனக்கு முக்கியம். 1880-இல் இலங்கையில் பஞ்சசீலம் ஏற்றார். அடுத்த வருஷம் சிங்கள பௌத்தர்களுடன் திருநெல்வேலிக்கு வந்து, நெல்லையப்பர் கோயிலில் நட்புக்கு அறிகுறியாகத் தென்னங்கன்று நட்டார். 1882 இறுதியில் அடையாற்றில் குடியேறினார்.

இலங்கையில் பௌத்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் எழ முன்னின்றவருக்கு, தம் வாசலுக்கருகிலிருந்த சேரி கண்ணில் படாமல் இருக்குமா? 1894-இல் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். அக்காலத்தில் பஞ்சமக் குழந்தை பொதுப் பள்ளித் திண்ணையில் ஏறுவதே அபசாரமாகக் கருதப்பட்டது. அவர்களுக்குப் பாதிரிமார் பள்ளிகள் இருந்தன. ஆனால் அங்கே எழுத்தோடு மதமும் வரும். ஆல்காட் வைத்த பள்ளியிலோ தமிழில் எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கற்பித்தார்கள். மதம் மாற்றும் பேச்சே இல்லை. பிறகு எழுந்த பள்ளிகளுள் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயரையே இட்டார்கள்.

அச்சமூகத்தின் தலைவர்களும் அவரை நாடினர். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் அவர் துணையோடு இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

1907 பிப்ரவரி 17-ந் தேதி ஆல்காட் அடையாற்றில் காலமானார். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே அவருக்குச் சிலை இருக்கிறது. சென்னையில் அவர் பெயரைத் தாங்கி நிற்பது, பெசன்ட் நகரிலுள்ள அந்தப் பள்ளிக்கூடம்.