பந்தியில் நடந்த தவறு

அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பர் கடைசியில் வெளியே தெரிந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், பக்கத்து இறையூரில் இரட்டைக் குவளை இருந்ததையும், கோயிலுக்குள் தலித்துகளை விடாததையும் கண்டார். அந்தக் கொடுமையைத் தெருவில் இறங்கிக் கண்டித்தது தவறு என்று மனச்சாட்சி உள்ள யாரும் சொல்லவில்லை. இதே அன்னவாசலுக்கு வடக்கே, திருச்சிப் பக்கமாக, ஆவூர் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு பூசே கட்டி எழுப்பிய பங்கு அது. வீரமாமுனிவரும் பணி செய்த மதுரை மறைத்தளத்தின் முக்கியமான ஊர். அந்த மறைத்தளத்தில் உயர்சாதியாருக்குச் சந்நியாசிச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று குருக்களே இரண்டு வகையாக இருந்தார்கள். நற்செய்தி பரவ வேண்டும் என்ற ஆசையில் சாதியோடு செய்துகொண்ட உடன்பாடு அது. ஆக, தமிழகக் கத்தோலிக்கக் கோயிலில் சாதி நிலைத்ததில் தலைமையின் முடிவுக்கும் பங்கு உண்டு. அதைக் கேள்வி கேட்கிறவர் தலைமையைக் கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்வியை ஊரறியக் கேட்கலாமா என்பதில்தான் கத்தோலிக்கரிடையே இன்னும் தயக்கம்.

கேட்கலாம் என்பது மட்டுமல்ல, சில நேரங்களில் கேட்டே ஆக வேண்டும் என்பது என் நிலை. அதற்கான சான்று திருச்சபையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்தியோக்கியாவில் பேதுரு முதலில் பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சித் தனியே ஒதுங்கினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார்; கலாத்தியருக்கு எழுதிய மடலில் அதைத் தாமே பதிவும் செய்தார். கவனித்துப் பார்த்தால் அங்கே சண்டை வேறெதற்கும் இல்லை, பந்திக்குத்தான். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வி தமிழனுக்கு விளக்கம் தேவைப்படாத கேள்வி. தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். பேதுரு எழுந்து போனது பலர் கண்முன்னே. அவமானப்பட்டவர்களும் அங்கேயே இருந்தார்கள். பவுல் காதோடு காதாகச் சொல்லியிருந்தால் பேதுருவின் மானம் தப்பியிருக்கும், பந்தியில் விடப்பட்டவர்களின் மானம் தப்பியிருக்காது. இருவருக்கும் ஜூன் 29-இல் ஒரே நாளில் விழா எடுக்கும் திருச்சபை, அந்தக் கண்டனத்தைப் பிளவாகக் கருதவில்லை.

குருவை எதிர்ப்பது கீழ்ப்படியாமை என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தின் 212-ஆம் விதி கீழ்ப்படிதலைக் கேட்கிறது. அதே விதி, தம் அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்ப, திருச்சபையின் நன்மை குறித்த கருத்தை ஆயர்களிடமும் மற்ற இறைமக்களிடமும் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில வேளை கடமையும் உண்டு என்கிறது. மேய்ப்பர்களுக்கு உரிய மரியாதையோடு, பொது நன்மையையும் மனிதரின் மாண்பையும் மனத்தில் வைத்து என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. 'மற்ற இறைமக்களிடமும்' என்பதைத்தான் நம் பங்குகளில் பலர் படிப்பதில்லை. இந்த விதி ஆயருக்கு எழுதும் மனுவோடு அடங்கிவிடாது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. சபையை எதிர்த்துக் கிளம்புகிறவர் எல்லாம் நீதிக்காகக் கிளம்புவதில்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குப் பீடத்தில் சேரும் இரண்டு கால்கள். வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், நடுவே தடுப்பு. 1910-இல் பங்குத்தந்தை கௌசானல் தடுப்பை இடித்தார். வேளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள்; தடுப்பு மீண்டும் வேண்டும் என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட மோதலில், துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அங்கும் பழைய வரிசை குலையக்கூடாது என்று நின்ற கூட்டம் கத்தோலிக்கக் கூட்டம்தான். ஆகவே உரத்த குரல் என்பதற்காகவே அதை நியாயம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கேட்கிறவர் தம் சலுகையைக் காக்கக் கேட்கிறாரா, மறுக்கப்பட்ட பங்கைக் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு வாயை மூடச் சொல்லும் காரணமாகாது. பேசியதை எடைபோடச் சொல்கிறது.

சிறுபான்மையினர் நாம், நம் அழுக்கை வெளியே காட்டினால் பகைவர் பிடித்துக்கொள்வார்கள் என்பது அடுத்த அச்சம். அந்த அச்சத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை மறுத்த 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து, ஆண்டுதோறும் அதே நாளைத் திருச்சபை கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதுதான் அங்கே அரசிடம் வைக்கும் வாதம். அந்தக் கொடுமை திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரிக்கும் சுவரில் தெரிந்தபோது மட்டும் வெளியே சொல்லாதே என்றால், அரசு எதை நம்பும்? 2003 நவம்பரில் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, தீண்டாமை சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது, சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் பல்லாண்டாகத் தெருவில் நின்று பேசியதைத்தான் அந்தத் தாள் கடைசியில் எழுத்தில் வைத்தது. 2022-இல் புதுவை-கடலூர்ப் பேராயர் நியமனத்தை எதிர்த்து அவர்கள் கறுப்புக்கொடி காட்டியதைப் பலர் முகம் சுளித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோனி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று சொல்ல மாட்டேன். எத்தனை காலம் ஆயிற்று என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

தவறில்லாதவரைக் குற்றவாளியாக்கிவிடும் ஆபத்து இருக்கிறதே என்றும் கேட்பார்கள். இருக்கிறது. ஜலந்தர் ஆயர்மீது பாலியல் புகார் சொன்ன கன்னியாஸ்திரீக்காக 2018 செப்டம்பரில் கொச்சியில் சக கன்னியாஸ்திரீகள் உட்கார்ந்து போராடினார்கள். ஆயர் கைதானார், 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பை மதித்தே சொல்கிறேன்: அவர்கள் வீதிக்கு வந்து கேட்டது விசாரணை. விசாரணை என்ற ஒன்று நடந்ததால்தான் தீர்ப்பும் வந்தது. வெளியே பேசுகிறவர், தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்ல வேண்டும். மத்தேயு நற்செய்தி சொல்லும் வரிசைப்படி முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, அதன்பின் சபையிடம் போயிருக்க வேண்டும். அந்தப் படிகளை ஏறி முடித்தவரிடம் மறுபடி முதல் படிக்குப் போ என்று சொல்வது நியாயமில்லை.

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தின் தலித் கத்தோலிக்கர் அப்படி ஏறியவர்கள்தாம். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த தங்கள் கோயிலின் திருவிழாவில் சமபங்கு மறுக்கப்படுகிறது என்று உயர் நீதிமன்றம் போனார்கள். 2025-இல் அந்த முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தங்கள் ஊர்க் கோயில் விழாவில் மற்றவர்களோடு நிற்கும் உரிமைக்காக அவர்கள் தில்லி வரை போக வேண்டியிருந்தது.