சொல்லும் சூழலும்: ஆங்கிலேயரின் அன்றாட வாழ்வுவழி ஆங்கிலம் கற்றல்

பிறமொழி கற்பது நம் மரபுக்குப் புதியதன்று. பிற சமூகத்தாருடன் நடைபெற்ற கடிதப் போக்குவரத்துக்காக, யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவர் அரைத் திங்களுக்குள் அதனைக் கற்றுத் தேர்ந்ததாக நபிமொழி நூல்கள் குறிப்பிடுகின்றன. மொழிகள் வேறுபட்டிருப்பதே இறைவனின் சான்றுகளுள் ஒன்று என்பது திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் உணர்த்தும் கருத்து. ஆகவே, ஆங்கிலம் கற்பதா வேண்டாவா என்பது நமக்கு வினாவன்று. எவ்வாறு கற்பது என்பதே வினா.

ஆலங்குளம், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர் பலர், பள்ளியில் பல்லாண்டுகள் ஆங்கிலம் பயின்றும் வாய் திறந்து நான்கு சொற்றொடர் பேசத் தயங்குகின்றனர். வினைச்சொல்லின் முக்காலத்தையும் ஒப்பிக்க அறிந்தவரும் ஓர் ஆங்கிலேயர் எதிர்ப்பட்டால் நாவடங்கி நிற்கின்றனர். இதனை அறிவுக்குறைவு என எண்ணி அவர்கள் நாணுவது நமக்கு வருத்தம் தருகிறது. குறை அறிவில் இல்லை. அவர்கள் சொல்லைக் கற்றனர். அச்சொல் பிறந்து வளர்ந்த வாழ்வைக் கற்கும் வாய்ப்பைப் பெறவில்லை. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பளி கற்பித்த பாடம்

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். 1913இல் பேராசிரியர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் மடல் எழுதித் தம் ஆய்வுகளை அறிவித்தவர். 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆய்வு மேற்கொண்டவர். அங்கு உடன் பயின்ற மகாலனோபிசு, ஒருநாள் அவரிடம் இரவில் குளிர் தாக்காமல் உறங்க முடிகிறதா என வினவினார். மேலங்கியும் சால்வையும் அணிந்து படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுசன். படுக்கையறைக்குச் சென்று பார்த்தபோது கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பும் போர்த்தப்பட்டிருந்தன. கம்பளியை விலக்கி அதனுள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுசன் அறிந்திருக்கவில்லை; விரிப்பின் மேலேயே படுத்து வந்தார்.

'பிளாங்கெட்' என்னும் சொல்லுக்குப் பொருள் அறியாதவர் அல்லர் அவர். அகராதி அச்சொல்லுக்குக் கம்பளி எனப் பொருள் கூறும். ஆங்கிலேயர் வீட்டில் படுக்கை எவ்வாறு விரிக்கப்படும் என்று கூறாது. 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரறிவாளருக்கே இந்நிலை எனில், நம் மாணவர் தடுமாறுவதில் வியப்பென்ன?

குளிரும் வெம்மையும்

மொழியைத் தட்பவெப்பமும் உருவாக்குகிறது. அன்பான வரவேற்பை ஆங்கிலேயர் 'வார்ம் வெல்கம்' என்பர். அன்பற்ற வரவேற்பைக் 'கோல்டு' என்பர். நாமோ கண் குளிரக் கண்டோம், உள்ளம் குளிர்ந்தோம் என்கிறோம். குளிர்நாட்டில் வெம்மை அருள். கரிசல் வெயிலில் வாழும் நமக்குக் குளிர்ச்சியே அருள். ஷேக்ஸ்பியர் தம் கவிதை ஒன்றில் அன்புக்குரியவரைக் கோடைநாளுக்கு ஒப்பிடலாமா என எண்ணுவதைப் படிக்கும் நம் மாணவர், அக்கினி நட்சத்திர வெயிலை நினைத்துத் திகைப்பர். இங்கிலாந்தின் கோடை நீண்ட பகலும் மிதமான கதிரும் உடைய இனிய பருவம் என்பதை அறிந்தால் அக்கவிதை தானே விளங்கும்.

அறிமுகமில்லாத இருவர் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்தால் வானிலை பற்றிப் பேசுவதும் இவ்வாறே. அங்கு ஒரே நாளில் வெயிலும் மழையும் மாறிமாறி வரும். 'லவ்லி டே' என்பது வானிலை அறிக்கை அன்று. பேச்சுக்குத் திறக்கும் வாயில். நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பவர் உணவுக் கணக்கு எடுப்பதில்லை அல்லவா?

பணிவு எங்கே உள்ளது?

தமிழில் மரியாதை பிரதிப்பெயரிலும் வினைமுற்றிலும் அமைந்துள்ளது. 'தண்ணீர் தாருங்கள்' என்றாலே போதும். பணிவு அதன் விகுதியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' ஒன்றே. எனவே, அங்கே மரியாதை வேறிடம் தேடிக்கொண்டது. 'குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?' என வினா வடிவில் கேட்பதே பணிவு. நம் சொற்றொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'கிவ் மீ வாட்டர்' என்போமாயின், நாம் எண்ணாத ஆணை அதில் ஒலிக்கும். நம் மாணவரைப் பண்பறியாதவர் எனப் பிறர் தவறாகக் கருத இதுவும் ஒரு காரணமாகும்.

தாய் உணவு பரிமாறும்போது நாம் நன்றி கூறுவதில்லை. கூறினால் அயன்மை தோன்றும். ஆங்கிலேயரோ வீட்டிலும் கடையிலும் பேருந்திலும் 'தேங்க் யூ' என்பர். வழியில் தோள் உரசினாலும் 'சாரி' என்பர். சொன்னது செவியில் விழாதபோதும் 'சாரி?' என்றே கேட்பர். முன்னதில் வருத்தம், பின்னதில் 'என்ன சொன்னீர்கள்?' என்னும் வினா. குரலின் ஏற்ற இறக்கமே பொருளைப் பிரிக்கிறது.

உணவும் உறவும்

'டீ' என்றால் தேநீர் என்றே நாம் அறிவோம். வட இங்கிலாந்தில் பலர் மாலை உணவையே 'டீ' என்பர். நண்பகல் உணவை 'டின்னர்' என்பர். 'டீ'க்கு அழைக்கப்பட்டவர் வயிறார உண்டுவிட்டுச் சென்றால் விருந்தளிப்பவர் வருந்த நேரும்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய அனைவரும் அவர்களுக்கு 'அங்கிள்'. மச்சான், கொழுந்தன், சகலை ஆகியோர் ஒரே 'பிரதர் இன் லா'வில் அடங்குவர். கொள்வினை கொடுப்பினைக்கு உரியவர் யார், அல்லாதவர் யார் எனப் பிரித்தறியும் தேவை நம் குடும்ப அமைப்பில் உண்டு. ஆகவே சொல்லும் பலவாயின. சொல் மிகுதியும் குறைவும் உயர்வு தாழ்வன்று. வாழ்க்கைத் தேவையின் அளவே.

கொண்டதும் கொடுத்ததும்

ஆங்கிலம் நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்கள் உருமாறி ஆங்கில அகராதியில் ஏறியுள்ளன. ஆங்கிலேயர் காலையில் அருந்தும் 'காபி'யும் அதில் கலக்கும் 'சுகர்' என்னும் சொல்லும் அரபு மொழிவழிச் சென்றவை. இராசபாளையத்து நூற்பாலைகளில் நாம் காணும் பஞ்சின் ஆங்கிலப் பெயரான 'காட்டன்' என்பதும் 'குத்ன்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே.

பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தீன் முகம்மது, 1794இல் அயர்லாந்தின் கார்க் நகரில் தம் பயண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அது எனக் கருதப்படுகிறது. 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றையும் அவர் நிறுவினார். 'ஷாம்பூ' என்னும் இந்தியச் சொல் ஆங்கிலேயர் நாவில் பரவ, பிரைட்டன் நகரில் அவர் நடத்திய குளியலகம் துணைபுரிந்தது. பின்னாளில் மர்மடியூக் பிக்தால் 1930இலும், அப்துல்லாஹ் யூசுப் அலி 1934 முதலும் திருக்குர்ஆனின் ஆங்கிலப் பெயர்ப்புகளை வெளியிட்டனர். இம்மொழி நம் நெறிக்குப் பகையன்று என்பதற்கு இவையே சான்று.

செய்யத்தக்கவை

காந்தியடிகள் 1888இல் இலண்டன் சென்றபோது ஆங்கிலக் கனவானாகத் தோன்ற விரும்பி நடனமும் வயலினும் பேச்சுக்கலையும் பயிலத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று திங்களில் அம்மயக்கம் தெளிந்ததென அவரே எழுதியுள்ளார். ஆனால், அங்கு தொடங்கிய நாளிதழ் படிக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை. இவ்விரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு. பிறர் வாழ்வை அறிதல் வேறு. அதனைப் போலி செய்தல் வேறு. முன்னது கல்வி, பின்னது வேடம். உணவிலும் உடையிலும் வணக்கத்திலும் நம் நெறியைக் கைவிடாமலே அவர்தம் வாழ்வை அறியலாம்.

ஆங்கிலப் பாடத்தில் ஒரு சொல் வரும்போது அதன் பொருளோடு நில்லாமல், அதனை யார், யாரிடம், எப்பொழுது சொல்வர் என ஆசிரியர் விளக்குதல் வேண்டும். கடை, மருத்துவமனை, இரயில் நிலையம் முதலிய சூழல்களை வகுப்பில் உரையாடலாக நடித்துக் காட்டலாம். 1943இல் வானொலியில் தொடங்கிய பி.பி.சி.யின் ஆங்கிலப் பாடங்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நாளும் கால்மணி நேரம் செவிமடுத்தல் நன்று.

நிறைவாக ஒன்று. அவர் வாழ்வை ஆங்கிலத்தில் அறிந்த மாணவர், தம் வாழ்வையும் அம்மொழியில் சொல்லப் பழகுதல் வேண்டும். 1970இல் உற்பத்தி தொடங்கிய ஆலங்குளம் சிமெண்ட் ஆலையை, சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணியை, கரிசலில் வெடிக்கும் பருத்தியை, நோன்புக் கஞ்சியின் மணத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க இயலுமாயின், அன்று அம்மொழி அவருடையதாகும். அந்நாளில் நாணம் தானே விலகும். அத்தகைய மாணவரை உருவாக்க ஆசிரியரும் பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் கைகோத்து முயல்வோமாக!