குச்சியிலிருந்து குளிசைக்கு

பிள்ளைகளுக்கிடையே போதிய இடைவெளி வேண்டுமென்பது நம் நாட்டிற்குப் புதிய கருத்தன்று. இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. கருத்தடை முறைகள் இன்று பலவாயிருக்கின்றன. ஆயினும், உருத்திரபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் வாழும் தாயொருத்தி, கையில் வைத்த குச்சியை நீக்கிக் குளிசைக்கு மாற விரும்பினால் யாது செய்வது? இதனை நாம் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

‘ஜடேல்’ என்னும் கருத்தடைச் சாதனம் தீக்குச்சியளவான இரு மெல்லிய குச்சிகளாகும். மேற்கையின் உட்புறத்தில், தோலின் கீழ் வைக்கப்படும் இவை 5 ஆண்டுகள் பயன் தருவன. இவற்றை வைத்துக்கொள்ளும் 1,000 பெண்களுள் ஓராண்டில் கருவுறுவோர் ஏறத்தாழ ஒருவரே. எனினும், மாதவிலக்கு ஒழுங்கு தவறுதல், இடையிடையே உதிரம் படுதல், தலைவலி ஆகியவற்றால் சிலர் இவற்றை விட்டுவிட விரும்புவதுண்டு. அவ்விருப்பம் நியாயமானதே.

குச்சியை அகற்றுதல் வைத்தியரின் அல்லது பயிற்சி பெற்றவரின் வேலை. அவ்விடத்தை மரக்கச் செய்து, சிறு கீறலிட்டு எடுத்துவிடுவர். வீட்டில் எவரும் இதனை முயலலாகாது. குச்சி நீங்கியதும் கருத்தரிக்கும் ஆற்றல் விரைவில் மீளுமாதலால், இடைவெளி விடுதல் கூடாது. குச்சியின் காலம் முடியுமுன்பே, அதனை எடுப்பதற்கு 7 நாள்கள் முன்னதாகக் கலப்புக் குளிசையைத் தொடங்கினால் பாதுகாப்புத் தொடரும். எடுத்த நாளில்தான் தொடங்குவதாயின், முதல் 7 நாள்களுக்கு ஆணுறையும் வேண்டும்.

குச்சி தானே வேலை செய்யும். குளிசைக்கோ நமது நினைவு வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ளுதல் நலம். நடைமுறையில் மறதி நேர்வதால், குளிசை உண்ணும் 100 பெண்களுள் ஏறத்தாழ 7 பேர் ஓராண்டில் கருவுறுகின்றனர். ஒன்றை மறந்தால் நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ தவறினால் 7 நாள்கள் ஆணுறையும் துணையாக வேண்டும்.

கலப்புக் குளிசை யாவர்க்கும் ஏற்றதன்று. உயர் இரத்த அழுத்தமோ, இரத்தம் உறைந்த வரலாறோ உடையவர்களும், பாலூட்டும் குழந்தைக்கு 6 மாதம் நிறையாத தாய்மாரும் அதனைத் தாமே தொடங்காது, வேறு முறை குறித்து வைத்தியரிடம் கேட்க வேண்டும். காசநோய்க்கும் வலிப்புக்கும் உண்ணும் சில மருந்துகள் குளிசையின் பயனைக் குறைக்கும். அவற்றையும் மறைக்காது சொல்ல வேண்டும்.

எம்முறையாயினும் அதனை ஏற்பதும் விடுவதும் பெண்ணின் விருப்பத்தின்பாற்பட்டவை. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் திகதி, இதே கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கேராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், குழந்தைகளின் போசாக்குப் பரிசோதனைக்கென்று அழைக்கப்பட்ட தாய்மாருக்குப் போதிய விளக்கமின்றி, வற்புறுத்திக் குச்சி வைக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. வறுமையும் போரின் வடுவும் சூழ்ந்த இடத்தில் ஒரு தாய் தலையசைத்ததை மட்டும் கொண்டு, அவள் மனமொப்பினாள் என்று கொள்ளலாகாது. விளங்கிக்கொண்டு சொல்லும் ‘ஆம்’ ஒன்றே சம்மதம்.

ஆகவே, தாய்மார் குச்சி வைத்த திகதியைக் குறித்து வைத்திருத்தல் வேண்டும். மாற விரும்பின், மருத்துவமாதிடமோ சிகிச்சை நிலையத்திலோ, “இதை எடுத்துவிடுங்கள், எனக்குக் குளிசை தாருங்கள்” என்று கூசாமல் கேட்கலாம். கணவன்மாரும் அதற்குத் துணை நிற்பாராக.