வீங்கிய கால்களெல்லாம் யானைக்கால் அல்ல

எட்டாம் வகுப்பில் கொசுக்களால் பரவும் நோய்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். யானைக்கால் நோய் என்று சொன்னதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம். எல்லாருடைய பார்வையும் முதல் பெஞ்சில் இருந்த ஒரு மாணவியின் கால்கள் மேல் போனது. சில மாதங்களாகவே அவளுடைய இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருந்தன. சிரித்தவர்களைக் கண்டித்தேன். ஆனால் அதோடு நிறுத்தாமல், "அம்மாகிட்ட சொல்லி யானைக்கால் மாத்திரை வாங்கிச் சாப்பிடும்மா" என்று எல்லார் முன்னிலையிலும் அவளிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் அவள் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. யானைக்கால் நோயே தொட்டால் ஒட்டிக்கொள்வதில்லை. அதைக்கூட நான் அன்று சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய அம்மா வந்தார். "ராத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க டீச்சர். புழு எதுவும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் ஏன் வீங்குது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அங்கே இருந்த மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு, உடனே அவளுடைய கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாராம். வழக்கமான இமை முடிகளுக்கு உட்புறமாக இன்னொரு வரிசை மெல்லிய முடிகள் இருந்தன. அவள் அடிக்கடி கண்ணைக் கசக்குவாள். பார்வைக் குறைபாடு என்று நினைத்துத்தான் நான் அவளை முதல் பெஞ்சுக்கே மாற்றியிருந்தேன். காலையும் கண்ணையும் தினமும் பார்த்தவள் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நிணநீர் மண்டலத்தை நாம் வகுப்பில் ஒரு பத்தியில் கடந்துவிடுகிறோம். வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் இரத்தக் குழாய் என்றால், மிகுந்த நீரை வெளியேற்றும் வடிகால் நிணநீர் நாளம். இரத்த நுண்குழல்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் திரவத்தில் ஒரு பகுதியை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டரை, இந்த நாளங்கள்தான் மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. வடிகால் அடைபட்டால் வயல் ஊறிப்போகும். யானைக்கால் நோயில் அந்த வடிகாலைப் பல ஆண்டுகளாகச் சேதப்படுத்துவது புழு. சிலருக்கோ புழுவே தேவையில்லை; வடிகால் உருவானபோதே பிழை நேர்ந்திருக்கும். அந்தப் பிழை ஜீனில் இருக்கிறது.

1892இல் அமெரிக்காவின் ஒமாஹா நகர மருத்துவர் வில்லியம் மில்ராய் ஒரு குடும்பத்தின் ஆறு தலைமுறைகளை விசாரித்தார். 97 பேரில் 22 பேருக்குக் கால் வீக்கம் இருந்தது. ஜீன் என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகே அந்நோய்க்குக் காரணமான ஜீனை அறிய முடிந்தது. 5ஆம் குரோமோசோமில் உள்ள அந்த ஜீன், விஇஜிஎஃப்ஆர்3 என்ற ஏற்பிப் புரதத்தை உருவாக்குகிறது. 'வளர்' என்ற செய்தியை நிணநீர் நாளச் செல்கள் பெற்றுக்கொள்வது இந்த ஏற்பியின் வழியாகத்தான். ஏற்பி பழுதானால் நாளங்கள் சரிவர வேலை செய்வதில்லை. குழந்தை பெரும்பாலும் வீங்கிய பாதங்களோடேயே பிறக்கிறது.

எங்கள் மாணவியுடையது வேறு வகை. 16ஆம் குரோமோசோமில் உள்ள ஃபாக்ஸ்சி2 என்ற ஜீனின் சடுதி மாற்றத்தால் வருவது. இதில் நாளங்கள் இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் வால்வுகள்தான் சரியாக அமைவதில்லை. மேலே ஏற வேண்டிய நிணநீர் கீழேயே திரும்பி வருகிறது. வீக்கம் பிறப்பில் தெரியாது, பருவ வயதையொட்டித் தொடங்கும். அதாவது நம் வகுப்பறைகளில் இருக்கும்போது. இந்த ஜீனில் மாற்றம் உள்ள பெரும்பாலோருக்கு அந்த இரண்டாம் வரிசை இமை முடிகளும் உண்டு.

வேறு சில காரணங்களும் உண்டு. ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கும் டர்னர் நிலைப் பெண் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் கை, கால் வீங்கியிருக்கலாம். பின்னாளில் வகுப்பிலேயே குள்ளமான மாணவியாக இருப்பார்கள். காட்டா2 என்ற ஜீனில் பிழை இருந்தால் இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. 'வீக்கம்தானே' என்று விடாமல் காரணத்தைக் கண்டறியச் சொல்வது இதனால்தான்.

இந்த நோயை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. யானைக்கால் மாத்திரையால் பயனும் இல்லை. அழுத்தக் காலுறை, தோல் பராமரிப்பு, பயிற்சி பெற்றவர் செய்யும் மென்மையான நிணநீர் வடிப்பு, உடற்பயிற்சி ஆகியவற்றால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். ஆகவே உடற்கல்வி வேளையில் இத்தகைய பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்துவிட வேண்டாம். நடப்பதும் ஓடுவதும் தசைகளை இயக்கி நிணநீரை மேலேற்றும். தரையில் நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார வைப்பதுதான் சிரமம். வெறுங்காலில் நடக்கவிடக் கூடாது. சிறு கீறலில் புகும் கிருமிகூட வீங்கிய காலில் வேகமாகப் பரவும். கால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் பல், கண் பரிசோதனையோடு கால்களையும் காட்டலாம்.

யானைக்கால் பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புழு இல்லை என்ற முடிவோடு தேடல் நின்றுவிடக் கூடாது, அவ்வளவே.

அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினேன். வாய்க்காலும் வடிகாலும் கரும்பலகையில் வரைந்தேன். நான் முன்பு சொன்னது தவறு என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன். முதல் பெஞ்சில் இப்போது மூன்று பேர்.

போன வாரம் அவளுடைய அம்மா மீண்டும் வந்தார். அவருக்கும் மாலையில் கால் வீங்கும். மில்லில் நின்றே வேலை பார்ப்பதால் என்று நினைத்திருந்தாராம். கண்ணில் குத்தும் முடியைச் சிறு வயது முதலே பிடுங்கிக்கொண்டிருக்கிறார். "சின்னவனுக்கும் வருமா டீச்சர்?" என்று கேட்டார். இது ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே 50 சதவீத வாய்ப்பு, வந்தாலும் ஒரே வீட்டில் ஒருவருக்குக் கடுமையாகவும் ஒருவருக்கு லேசாகவும் இருக்கலாம் என்றேன். நாணயம் சுண்டுவதைப் போல என்று நான் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்லும் உதாரணம் அவர் முன்னால் வாயில் வரவில்லை. பையனுக்கு ஐந்து வயது. அடுத்த முறை அவனையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறாராம் மருத்துவர்.