நெருங்கிய பொருளுடைய ஆங்கில வினைகளைத் தெரிதல்: தொல்காப்பியம் காட்டும் வழி

முன்னுரை

மதுரைக்கு மேற்கே தேனி செல்லும் சாலையில் உள்ள உசிலம்பட்டி போன்ற ஊர்களில், தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது எதிர்கொள்ளும் இடர்களுள் ஒன்று வினைத்தெரிவு ஆகும். சொல் தெரியாமையால் விளையும் இடர் அன்று இது; ஒரு தமிழ் வினைக்கு ஈடாகப் பல ஆங்கில வினைகள் தெரிந்தும், எதனை எங்கு ஆள்வது என்பது தெரியாமையால் விளைவது. ‘80 மதிப்பெண் வாங்கினேன்’ என எண்ணும் மாணவர் ‘பை’ என்னும் வினையை ஆண்டால், மதிப்பெண்ணை விலை கொடுத்துப் பெற்றதாகப் பொருள்பட்டுவிடும். நேர்காணலிலோ விண்ணப்பத்திலோ இத்தகைய பிழை, உழைத்துப் படித்தவரையே ஐயத்திற்கு உள்ளாக்கும். இவ்விடரைத் தீர்க்கத் தமிழ் இலக்கண மரபு எவ்வாறு உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இடம் நோக்கிய வினைகள்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கனையும் மூவிடத்தோடு பொருத்திக் காட்டுகிறது. வரவும் தரவும் தன்மை, முன்னிலைக்கு உரியன. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன. பேசுவோரையோ கேட்போரையோ நோக்கிய இயக்கம் ஒரு சொல்லாலும், பிறரை நோக்கிய இயக்கம் வேறொரு சொல்லாலும் குறிக்கப்படும் என்பதே இதன் கருத்து. சார்லஸ் ஃபில்மோர் 1971இல் ஆற்றிய சுட்டு பற்றிய சொற்பொழிவுகளில் ஆங்கிலத்தின் ‘கம்’, ‘கோ’ ஆகியவற்றை ஆராய்ந்தபோது, கேட்போர் இருக்கும் இடமும் ‘கம்’ என்பதற்கு உரியது எனக் காட்டினார். ‘உங்கள் வீட்டிற்கு நாளை வருகிறேன்’ என்னும் தமிழ் வழக்கு இதனோடு ஒத்துச் செல்கிறது. எனவே ‘வா’ வரும் இடத்தில் ‘கம்’, ‘போ’ வரும் இடத்தில் ‘கோ’ எனக் கற்பிக்கலாம். ‘கொண்டு வா’ என்பது ‘பிரிங்’. ‘கொண்டு போ’ என்பது ‘டேக்’.

எனினும் இப்பொருத்தம் எங்கும் நிகழ்வதில்லை. விடைபெறும்போது கூறும் ‘போய் வருகிறேன்’ என்பது மரபுத்தொடர்; அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பொருந்தாது. தரவும் கொடையும் ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்னும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. மலையாளமோ இவ்வேறுபாட்டை இன்றும் பேணுகிறது. ஆகவே தமிழ் நுண்மையாகப் பகுக்கும் இடங்களும் உண்டு, ஆங்கிலம் பகுக்கும் இடங்களும் உண்டு என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

வினை ஏற்கும் பொருள்

‘வாங்கு’ என்பதன் பொருள், அது ஏற்கும் செயப்படுபொருளால் வரையறைப்படுகிறது. அரிசி வாங்குதல் ‘பை’. பரிசு வாங்குதல் ‘வின்’ அல்லது ‘ரிஸீவ்’. மதிப்பெண் வாங்குதல் ‘ஸ்கோர்’ அல்லது ‘கெட்’. கடன் வாங்குதல் ‘பாரோ’. கடன் கொடுத்தல் ‘லெண்ட்’ ஆதலின், ‘வாங்கு’, ‘கொடு’ என்னும் தமிழ் எதிர்மையே பின்னிரண்டையும் பிரித்தறியப் போதுமானது.

‘சொல்’ என்பதற்குரிய ‘ஸே’, ‘டெல்’ ஆகிய இரண்டும் தொடரமைப்பால் வேறுபடுகின்றன. ‘ஸே’ சொல்லப்பட்ட செய்தியைச் செயப்படுபொருளாகக் கொள்ளும். கேட்போரைக் குறிக்க வேண்டின் ‘டு’ என்னும் முன்னிடைச்சொல் வேண்டும். ‘டெல்’ கேட்போரை நேரடியாகவே கொள்ளும். ‘அவனிடம் சொன்னேன்’ என்பதிலுள்ள ‘இடம்’ என்னும் உருபை நினைந்து, ‘டெல்’ என்பதோடும் ‘டு’ சேர்த்து எழுதுவதே பிழைக்குக் காரணம்.

வினைமுதலின் கருத்து

இன்றைய பேச்சில் ‘பார்’ என்னும் ஒரு வினையே காட்சி பற்றிய பொருள்களைப் பெரிதும் தாங்குகிறது. இலக்கிய வழக்கில் ‘காண்’, ‘நோக்கு’ என இரண்டு உள்ளன. கண்ணிற்குத் தானே புலப்படுதல் ‘காண்’ என்பதற்கு நெருங்கிய ‘ஸீ’. கருதிப் பார்வையைச் செலுத்துதல் ‘நோக்கு’ என்பதற்கு நெருங்கிய ‘லுக்’. நிகழ்வு ஒன்றினைத் தொடர்ந்து கவனித்தல் ‘வாட்ச்’. ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஸீ’ என்பதன் தொடர்நிலை வடிவத்தை எழுதுவது இதனாலேயே பொருந்துவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், நெருங்கிய பொருளுடைய வினைகளைத் தெரிவதற்கு மூன்று வினாக்கள் துணைபுரியும் என்பது பெறப்படுகிறது. இயக்கம் யாரை நோக்கியது? வினை எதனைச் செயப்படுபொருளாகக் கொள்கிறது? செயல் கருதிச் செய்யப்பட்டதா, தானே நிகழ்ந்ததா? இடம், வேற்றுமை, வினைமுதல் என இம்மூன்றும் தமிழ் இலக்கணம் பயின்றோர் முன்பே அறிந்த கருத்துகளாகும். ஒருபொருட் சொற்பட்டியலை மனனம் செய்விப்பதினும், தமிழ்த் தொடரையும் ஆங்கிலத் தொடரையும் அருகருகே வைத்து இவ்வினாக்களை எழுப்புவது பயன் தரும். இதற்குத் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் இணைந்து பயிற்சித் தொடர்களை உருவாக்குதல் வேண்டும். தாய்மொழி இலக்கண அறிவு பிறமொழி கற்றலுக்குத் தடையாகாது; முறையாகக் கையாளின் அதுவே அடித்தளமாகும்.