ஒரு டப்பா புளூபெர்ரி, அரை அன்னாசி

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் தேக்காவை மிதிக்காமல் ஊர் திரும்புவதில்லை. சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரம், வெற்றிலை, மஞ்சள் கிழங்கு எல்லாம் வாங்கிக்கொண்டு பஃபலோ சாலைப் பக்கம் திரும்பினால் பழக்கடைகள் கண்ணைப் பறிக்கும். வாழைத்தார், பப்பாளி, மாம்பழம், அன்னாசி எல்லாம் நமக்குப் பழகிய முகங்கள். பேரங்காடிக்குள் நுழைந்தாலோ, கண்ணாடி போன்ற சிறு டப்பாவில் கருநீல மணிகள் உட்கார்ந்திருக்கும். அதுதான் புளூபெர்ரி.

“அம்மா, அது வேணும்!” என்று பிள்ளை கையை நீட்டும். டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் 125 கிராம்தான் இருக்கும். விலையைப் பார்த்தால் அதே காசுக்கு முழு அன்னாசி வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆசைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஆறு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்குப் பதினைந்து மணிகூட வராது. மூத்தவன் அள்ளிக்கொள்வான், கடைக்குட்டி அழும். ஐந்து நிமிடத்தில் டப்பா காலி.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்த ஒரு டப்பாவோடு அரை அன்னாசியைச் சேர்த்து அடுப்பில் வைத்தால் இரண்டு நாள் பசியாறலுக்கு வீடு முழுவதற்கும் போதும். இதைத்தான் வெள்ளைக்காரர்கள் ‘காம்போட்’ என்கிறார்கள்.

காம்போட் என்றால் என்ன?

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ‘சேர்த்து வைத்தது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல் அது. பழத் துண்டுகளைக் கொஞ்சம் சீனியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, உருத் தெரியும் அளவில் வேகவைத்து எடுப்பது. அவ்வளவுதான்.

சித்திரை முதல் நாளன்று நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மாங்காயை நறுக்கி, வேகவைத்து, வெல்லம் போட்டு, வேப்பம்பூவைத் தாளித்துப் பச்சடி வைக்கிறோம். புளிப்பும் இனிப்புமாய், தொட்டுக்கொள்ளப் பதமாய் இருக்கும். காம்போட் அந்த மாங்காய்ப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சடி வைக்கத் தெரிந்த கைக்கு இது ஒரு வித்தையே இல்லை.

பறித்தவர் பேரைப் பெற்ற செடி

புளூபெர்ரி பார்வைக்குச் சின்ன நாவல்பழம் போலிருந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம். நாவல் நம் கொய்யாவுக்கும் கிராம்புக்கும் சொந்தம். புளூபெர்ரி குளிர் நாட்டுச் செடி. புளிப்புத் தன்மையுள்ள மண்ணில்தான் அது தழைக்கும். சிங்கப்பூரின் வெயிலுக்கும் மண்ணுக்கும் அது ஒத்துவராது. சிங்கப்பூர் தன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியிலிருந்து தருவித்துக்கொள்ளும் ஊர். இந்தப் பழமும் பெரு, சிலி, அமெரிக்கா போன்ற தூர நாடுகளிலிருந்து குளிர்பெட்டியில் வருகிறது. அதனால்தான் அந்த விலை.

இந்தச் செடி தோட்டத்துக்கு வந்த கதை நம்மைப் போன்ற தோட்டத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை புளூபெர்ரியைக் காட்டில்தான் பறித்தார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எலிசபெத் ஒயிட் என்ற அம்மையார் தம் தந்தையின் கிரான்பெர்ரித் தோட்டத்தில் வேலைகளைக் கவனித்து வந்தார். பிரெடரிக் கோவில் என்ற தாவர அறிஞர் இந்தச் செடிக்குப் புளித்த மண் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்திருந்தார். இருவரும் 1911இல் கைகோத்தார்கள்.

ஆனால் காட்டில் எந்தச் செடி பெரிய பழம் தரும் என்பது அறிஞருக்கும் தெரியாது, முதலாளி மகளுக்கும் தெரியாது. ஆண்டுதோறும் காட்டில் பழம் பறித்த ஏழைகளுக்குத்தான் தெரியும். அந்த அம்மையார் அவர்களிடம் 5/8 அங்குலத் துளை போட்ட அளவுத் தகட்டைக் கொடுத்தார். துளையில் நுழையாத அளவு பெரிய பழமுள்ள செடியைக் காட்டியவர்களுக்குப் பணமும் கொடுத்தார். கண்டுபிடித்தவரின் பேரையே செடிக்கும் வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய செடிக்கு, அவர் பேரோடு ‘லீக்’ என்பதன் முதல் எழுத்தையும் சேர்த்து ‘ரூபெல்’ என்று பேராயிற்று. தோட்டத்தில் வளர்த்த புளூபெர்ரி முதன்முதலாக விற்பனைக்குப் போனது 1916இல். ரூபெல் இன்றும் பயிராகிறது.

உழைத்தவன் பேரைத் தாங்கி நிற்கும் செடி! நம் பால்மரக் காடுகளில் எத்தனை ஆயிரம் பேர் உழைத்தார்கள், எந்த மரத்துக்கு யார் பேர் வைத்தார்கள்?

பால்மரத்துக்கு நடுவே அன்னாசி

அன்னாசியோ நம் சொந்தக்காரன். சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் ரப்பர்க் கன்று நட்ட காலத்தில், பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வருமானத்துக்கு என்ன செய்வது? வரிசைகளுக்கு இடையே அன்னாசியை நட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் அது காய்த்துவிடும். இப்படி ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பேரெடுத்தவர் லிம் நீ சூன். இன்றைய ஈசூன் வட்டாரத்துக்கு அவர் பேர்தான் அமைந்திருக்கிறது. தான் கா கீ என்னும் பெரிய வணிகர் 1904இல் அன்னாசி டின் தொழிற்சாலை தொடங்கித்தான் தொழிலில் காலூன்றினார். பிறகே ரப்பர் பக்கம் திரும்பினார்.

அந்த டின்கள் முக்கியமாகப் பிரிட்டனுக்குப் போயின. செம்பவாங், மண்டாய்ப் பக்கத் தோட்டங்களில் நம்மவர்கள் பால் வெட்டிய காலத்தில், இந்த மண்ணில் விளைந்த பழம் சீனிப்பாகில் மிதந்தபடி கப்பலேறி வெள்ளைக்காரன் மேசைக்குப் போயிற்று. இன்று வெள்ளைக்காரன் ஊர்ப் பழம் கப்பலிலும் விமானத்திலும் ஏறி நம் மேசைக்கு வருகிறது. இரண்டையும் ஒரே சட்டியில் போடுவதுதான் இன்றைய சமையல்.

தேவையான பொருள்கள்

புளூபெர்ரி – ஒரு டப்பா (125 கிராம்)
தோலும் கண்ணும் நீக்கிய அன்னாசி – 250 கிராம் (நடுத்தரப் பழத்தில் பாதி)
சீனி – 2 மேசைக்கரண்டி (சுமார் 25 கிராம்)
தண்ணீர் – 3 மேசைக்கரண்டி
எலுமிச்சைச் சாறு – 1 தேக்கரண்டி
பட்டை – சுண்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டு
கிராம்பு – 2
உப்பு – ஒரு சிட்டிகை

செய்யும் முறை

எவர்சில்வர் சட்டியோ எனாமல் சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம். பழத்தின் புளிப்பு அதை அரிக்கும், ருசியும் கெடும்.

அன்னாசியைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிச் சட்டியில் போடுங்கள். சீனி, தண்ணீர், பட்டை, கிராம்பு, உப்பு சேர்த்து நடுத்தரத் தீயில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, 10 முதல் 12 நிமிடம் வேகவிடுங்கள். அடி பிடிக்காமல் இடையிடையே கிளறுங்கள். பச்சை அன்னாசி சாப்பிட்டால் சிலருக்கு நாக்கு அரிக்குமே, அதற்குக் காரணமான பொருள் இந்தச் சூட்டில் அடங்கிவிடும். சிறு பிள்ளைகளும் தயங்காமல் சாப்பிடலாம்.

புளூபெர்ரியைக் கழுவி வடித்து, அதில் பாதியை இப்போது சேருங்கள். மூன்று நிமிடத்தில் தோல் வெடித்து, சட்டி முழுவதும் கத்தரிப்பூ நிறமாகிவிடும். மீதிப் பாதியைப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம் வைத்து இறக்குங்கள். முதலில் போட்டது குழம்பாகும், பின்னால் போட்டது முழு மணியாகவே நிற்கும். அதற்காகத்தான் இரண்டு தவணை.

இறக்கியபின் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். நிறம் சட்டென்று சிவந்து பளிச்சிடும். புளூபெர்ரியின் நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும் இயல்புடையது. பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டுங்கள், ஒரு விஞ்ஞானப் பாடமும் ஆயிற்று.

சூடாக இருக்கும்போது தண்ணீராகத் தெரிந்தால், “கெட்டியாகவில்லையே” என்று மறுபடியும் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஆறினால் தானாக இறுகும்.

உறைந்த புளூபெர்ரி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பல நேரம் விலையும் மலிவு. உருகவிடாமல் அப்படியே சட்டியில் போடுங்கள், ஓரிரு நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும். புளூபெர்ரியே கிடைக்காத தோட்டத்தில் இருப்பவர்கள் வெறும் அன்னாசியில் செய்யலாம். பழுத்த மாம்பழமும் ஆகும்.

சீனிக் கணக்கு

இத்தனை மெனக்கெடுவானேன், ஒரு போத்தல் ஜாம் வாங்கினால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சீனியில் இருக்கிறது.

வழக்கமான ஜாமில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 60 கிராம் சீனிதான். அத்தனை சீனி இருப்பதால்தான் அது நாள்பட நிற்கிறது. 20 கிராம் வரும் ஒரு மேசைக்கரண்டி ஜாமில் 12 கிராம் சீனி வாய்க்குள் போகிறது. நாம் செய்த காம்போட்டில், பழத்தின் சொந்த இனிப்பையும் சேர்த்தே, அதே ஒரு கரண்டிக்கு ஏறத்தாழ 4 கிராம்தான். மூன்றில் ஒரு பங்கு!

நம் குடும்பங்களில் இதை விளையாட்டாக எண்ண முடியாது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்று தேசிய ஆய்வுகள் காட்டி வந்திருக்கின்றன. மலேசியாவிலும் அதே கதைதான். சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. 2022 டிசம்பர் முதல் டின், போத்தல் பானங்களைச் சீனியின் அளவுக்கேற்ப ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்க வைத்தது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அறிவுரை. காலையில் குறிஞ்சிப்பால் கலந்த தேநீர், ரொட்டியில் இரண்டு கரண்டி ஜாம் என்றால், பெரட்டுக்குப் போவதற்கு முன்பே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

அதற்காகக் காம்போட்டைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடலாம் என்று பொருளில்லை. பழத்தின் இனிப்பும் இனிப்புதான். நீரிழிவு உள்ள பெரியவர்கள் சீனியே சேர்க்காமல் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு கரண்டியோடு நிறுத்துவது நல்லது. மருத்துவர் சொன்ன அளவுதான் அவர்களுக்கு அளவு. சீனிக்குப் பதில் தேன் விடுபவர்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

எதனோடு சாப்பிடலாம்? எத்தனை நாள் வைக்கலாம்?

ரொட்டியில் தடவலாம். தோசை, ஆப்பம், சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். இனிப்புச் சேர்க்காத தயிரில் இரண்டு கரண்டி கலந்து கொடுத்தால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து வைப்பார்கள். சூடான பாலில் மட்டும் கலக்காதீர்கள், திரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இது ஊறுகாய் அல்ல. ஊறுகாயை உப்பும் எண்ணெயும் காக்கும், ஜாமைச் சீனி காக்கும். இதைக் காக்க எதுவும் இல்லை. அதனால் மேடையில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆறியதும், கொதிநீரில் அலசிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். ஐந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்.

இந்த அளவில் செய்தால் ஏறக்குறைய 17 மேசைக்கரண்டி வரும். ஆறு பேருக்கு ஆளுக்குக் கிட்டத்தட்ட மூன்று கரண்டி. மூத்தவன் அள்ளவும் வேண்டாம், கடைக்குட்டி அழவும் வேண்டாம்.

அடுத்த முறை தேக்காவுக்குப் போகும்போது அந்தக் கருநீல டப்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். ஒன்றே ஒன்று வாங்குங்கள். பக்கத்தில் ஒரு அன்னாசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று யாரோ ஒரு காட்டுத் தொழிலாளி கண்டெடுத்துக் கொடுத்த பழம். மற்றது நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்மரங்களுக்கு நடுவே விளைந்த பழம். இரண்டும் ஒரே சட்டியில் கொதிக்கும்போது வீடு மணக்கும். செய்து பாருங்கள்!